முட்டம் பக்கம் மீன் சாப்பிட ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம், கடியப்பட்டணம், குளச்சல் கடலோரத்தில் குடும்பமாக நடத்துகிற சாப்பாட்டுக்கடைகளுக்கு வெளியூர்க்காரர்கள் ஞாயிறு மதியம்தான் கிளம்பி வருகிறார்கள். இந்த ஊர்களில் ஞாயிறன்று பொதுவாக யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் திருப்பலி, பிறகு ஓய்வு. அன்று தட்டில் விழுவது சனிக்கிழமை மீன், இல்லையென்றால் ஐஸ் மீன். செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும் நல்லது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நெய்மீன்தான் (வஞ்சிரம்) வேண்டும் என்று அடம்பிடிக்காமல் வள்ளத்தில், அதாவது நாட்டுப்படகில், வருகிற சாளை (மத்தி), நெத்திலியைக் கேளுங்கள்.

முந்தின நாள் சாயங்காலமே போன் பண்ணி எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். அடுக்களையில் இருப்பது வீட்டு அம்மாவும் உதவிக்கு ஒருவரும்தான். பன்னிரண்டரைக்குப் பத்துப் பேர் திடீரென்று போய் நின்றால் குழம்பில் தண்ணீர்தான் கூடும். ஒரு கிலோ மீனுக்கு அரைமுறித் தேங்காய், மிளகாய், மல்லி, மஞ்சள், நாலைந்து சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) எல்லாம் வெண்ணெய் போல அரைபட வேண்டும். திப்பி இருந்தால் குழம்பு தண்ணீர் வேறு, தேங்காய் வேறாக நிற்கும். அரைப்பும் புளியும் கொதித்த பிறகே மீன் விழும். அதன்பின் கரண்டி போடமாட்டார்கள், மண்சட்டியைப் பிடித்துச் சுழற்றுவார்கள். சாளை அவ்வளவு எளிதில் உடையும். கூட மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) கேளுங்கள். அவித்த கிழங்கில் கருநீல வரி ஓடினால் தோண்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

பெரிய மீன் என்றால் சமைக்கும் முன்பே விலை பேசுங்கள். எடை முழு மீனுக்கா, வெட்டிச் சுத்தம் பண்ணிய பிறகா என்று கேட்டுவிட்டால் பில்லில் சண்டை வராது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வதில் தப்பில்லை, நல்ல கடைக்காரர் அவரே காட்டுவார்.

தங்குவதானால் கடல் பார்த்த அறை ஆனி ஆடியில் வேண்டாம். தென்மேற்குக் காற்று மழையை ஜன்னல் இடுக்கு வழியாகக் கட்டில் வரைக்கும் கொண்டுவரும். உப்புக்காற்றில் தாழ்ப்பாளும் பிளக்கும் துருப்பிடிக்கும், முன்பணம் கொடுக்கும் முன் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும்.

குளிக்க இறங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காற்றே இல்லாத வெயில் நாளிலும் தூரத்துப் புயலால் எழுந்த அலை இங்கே கரையேறும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். கடை வீட்டுக்காரர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.