ஊர்க் கலியாணக் கசெற்றைக் கனடாவில் ஓடவைத்தல்

ஊரிலிருந்து சூட்கேசில் வந்த கலியாண வீடியோக் கசெற்றை (விஎச்எஸ்) இங்கே வாங்கிய பழைய வீடியோ டெக்கில் போட்டால் படம் உருளும், நிறம் போகும், நாதஸ்வரம் சுருதி பிசகி ஓடும். கசெற் பழுது என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பழுது கசெற்றில் இல்லை. கசெற் காலத்தில் இலங்கையும் இந்தியாவும் பால் (PAL) என்ற ரீவிப் பட முறை: 625 வரி, நொடிக்கு 25 படம். கனடாவும் அமெரிக்காவும் என்ரிஎஸ்சி (NTSC) முறை: 525 வரி, 29.97 படம். நாடா ஓடும் வேகமே வேறு. ஊரில் நொடிக்கு 23.39 மில்லிமீற்றர், இங்கே 33.35. லண்டன்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை, அங்கத்தைய டெக்கும் பால்தான்.

ஆகவே வேண்டியது பால் டெக் அல்லது இரண்டு முறையையும் ஓட்டும் மல்ரிசிஸ்டம் டெக். 230 வோல்ற் டெக் என்றால் 120ஐ 230 ஆக்கும் மின்மாற்றி வேண்டும். டெக் இழுப்பது 20, 30 வாற்தான். 100 வாற் மின்மாற்றி தாராளம். 60 ஹேர்ட்ஸ் கறன்ற் என்று பயப்பட வேண்டாம், மோட்டாரின் வேகத்தைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். சில மல்ரிசிஸ்டம் டெக்குகள் பாலை என்ரிஎஸ்சியாக மாற்றியே வெளியே விடும். அந்த மாற்றத்தை நிறுத்தி வையுங்கள். 625 வரியில் படம் தாங்கும் 576ஐ 480 ஆக நசுக்கினால் பிறகு நிமிர்த்த வழியில்லை.

போடுமுன் கசெற்றின் கண்ணாடியூடாக நாடாவைச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. விளிம்பில் மா தூவியதுபோல் வெள்ளை இருந்தால் பூஞ்சணம், புழுக்கத்தில் கிடந்த கசெற்றில் சாதாரணம். அதை நல்ல டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்த கசெற்றுக்கும் தொற்றும். ஹெட்டைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி கூடாது, நூல் சிக்கும். 99 வீத ஐசோபுறோபைல் நனைத்த வெள்ளைத் தாளை ஹெட் பொருந்திய உருளையில் அசையாமல் பிடித்து, உருளையை மற்றக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். குளிர்காலத்தில் பார்சலில் வந்த கசெற்றை மறுநாள்வரை பையோடு வீட்டுக்குள் வைத்திருந்து எடுங்கள். ஈரம் பிடித்த நாடா உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

டெக் சரி, கணினியில் மட்டும் படம் கறுப்பு வெள்ளையாகத் துள்ளுகிறதா? டெக்கின் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் யூஎஸ்பி கப்சர் டொங்கிளின் செற்றிங் என்ரிஎஸ்சியில் நிற்கிறது. பால் பி என்று மாற்றி, 720க்கு 576, 25 படம் என்று வையுங்கள். வேர்ச்சுவல்டப் என்ற பதிவு மென்பொருளில், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்யூவ் முறையில் பதிந்தால் மணிக்குச் சுமார் 30 ஜிகாபைற். மூன்று மணிநேரக் கசெற்றுக்கு 100 ஜிகாபைற் காலியாக இருக்கட்டும்.

அரைமணியில் வாய் ஒன்று, சத்தம் ஒன்று என்றாகிவிட்டால் டொங்கிள் படங்களைத் தவறவிட்டிருக்கிறது. பழைய நாடாவில் வரிகளின் நேரம் ஆடும், மலிவு டொங்கிள் அதைத் தாங்காது. டெக்குக்கும் டொங்கிளுக்கும் நடுவே பானசோனிக் இஎஸ்10 போன்ற டிவிடி ரெக்கோடர் ஒன்றைக் கோர்த்தால் வரிகள் நேராகும். ஐரோப்பிய மொடலாகப் பாருங்கள், இங்கே விற்றது பாலை ஏற்காது.

தவில்காரரின் விரல்களைச் சுற்றிச் சீப்புப் பற்கள்போல் கோடு தெரிவது இன்ரர்லேஸ், அதாவது ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாகப் பதிவாகியிருப்பது. பதியும்போது கை வைக்காமல், பிறகு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கோடு நீக்கும் யாடிஃப், அதில் பொப் என்பதைத் தெரிவுசெய்து நொடிக்கு 50 படமாக எடுங்கள். 25 என்று எடுத்தால் விரலோட்டத்தில் பாதி தொலையும். அகலம் 4:3ஆகவே இருக்கட்டும், புது ரீவிக்காக இழுத்தால் மாப்பிள்ளை பருத்துவிடுவார்.

யூரியூப்பில் ஏற்றி உறவினருக்கு லிங்க் அனுப்புவது சுலபம்போல் தெரியும். ஆனால் வீடியோக்காரர் தாலிகட்டுக்கு மேல் சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார். தனிப்பட்ட லிங்க் என்றாலும் உரிமைக் கோரல் வந்து சத்தம் அணைக்கப்படலாம். யூஎஸ்பி குச்சியில் கொடுப்பதே மேல். குச்சியை எக்ஸ்ஃபற்றாக ஃபோர்மற் செய்யுங்கள், ஃபற்32 என்றால் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.