ஆஞ்சைனா கேள்வியில் முதலில் நாடித்துடிப்பைப் பாருங்கள்

மருத்துவத் தேர்வில், நிலையான ஆஞ்சைனாவுக்குக் (உழைக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) கால்சியம் சேனல் பிளாக்கர்களை (செல்லுக்குள் கால்சியம் போகும் வழியை அடைக்கும் மருந்துகள்) ஒப்பிடு என்றதும் பலர் அட்டவணை போட உட்கார்ந்துவிடுகிறார்கள். மனப்பாடத்துக்கு அது போதும். நோயாளி விவரத்தோடு வரும் கேள்விக்குக் கைகொடுக்காது. அங்கே தேட வேண்டியவை இரண்டே: துடிப்பு எவ்வளவு, ஏற்கெனவே என்ன மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது.

எல்லாமே எல் வகை கால்சியம் சேனலைத்தான் அடைக்கின்றன. எங்கே அடைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெலோடிபின் ஆகியவை டைஹைட்ரோபிரிடின் குடும்பம். இவை ரத்தக்குழாயை விரித்து இதயத்தின் பளுவைக் குறைக்கும். வெரபமில் இதயத்திலேயே வேலை செய்யும்: துடிப்பு, ஏவி கணுவின் (இதய மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பை அனுப்பும் இடம்) கடத்தல், சுருங்கும் வலு மூன்றும் இறங்கும். டில்டியாசெம் இரண்டுக்கும் நடுவில். வலியைக் குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அதனால் 'எது சிறந்தது' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். 'யாருக்கு எது' என்று எழுதுங்கள்.

மெட்டோபுரோலால் (துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து) எடுப்பவர், துடிப்பு 55, நடந்தால் இன்னும் வலி. விடை அம்லோடிபின் 5 மி.கி., தேவைப்பட்டால் 10. இதன் அரைவாழ்வு (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்) 30 முதல் 50 மணி நேரம். ரத்தத்தில் அளவு நிலைபெற ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாளே அளவைக் கூட்டுவதாக எழுதினால் அது பிழை. இதே ஆளுக்கு வெரபமில் சேர்த்தால் கடும் துடிப்புக்குறைவு, ஏவி பிளாக் (ஏவி கணுவில் கடத்தல் தடைபடுவது), ரத்த அழுத்த வீழ்ச்சி வரை போகலாம். தேர்வாளர்கள் விரும்பி வைக்கும் பொறி இதுதான்.

மாறாக, ஆஸ்துமா உள்ளவர், துடிப்பு 92, இதயச் செயலிழப்பு இல்லை. பீட்டா பிளாக்கர் கொடுக்க முடியாத இந்த இடம் வெரபமிலுக்கோ டில்டியாசெமுக்கோ உரியது. வெரபமில் 80 மி.கி. நாளுக்கு மூன்று வேளை. டில்டியாசெம் நீடித்து வெளியாகும் வடிவில் 120 அல்லது 180 மி.கி.யில் தொடங்கலாம்.

நிஃபெடிபின் என்று எழுதினால் வடிவத்தையும் எழுதியே ஆகவேண்டும். உடனே வெளியாகும் காப்ஸ்யூல் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், உடல் பதிலுக்குத் துடிப்பை ஏற்றும், ஆக்சிஜன் தேவை கூடி ஆஞ்சைனாவே மோசமாகும். நீடித்த வடிவம், 30 முதல் 90 மி.கி., ஒரே வேளை. 2004இல் வெளியான ஆக்‌ஷன் ஆய்வு சோதித்ததும் இந்த வடிவத்தைத்தான்: மரணம் குறையவில்லை, ஆஞ்சியோகிராமுக்கும் பைபாஸுக்கும் தேவை குறைந்தது. கட்டுரை விடையில் இந்த ஒரு வரி பளிச்சென்று தெரியும்.

இடது வென்ட்ரிக்கிளின் (இடது கீழறையின்) இயக்கம் குறைந்து இதயச் செயலிழப்பு இருந்தால் வெரபமிலும் டில்டியாசெமும் கூடாது. அம்லோடிபின் தரலாம், 1996இல் வந்த பிரெய்ஸ் ஆய்வில் அது இறப்பைக் கூட்டவில்லை.

பக்கவிளைவில் கணுக்கால் வீக்கத்துக்குக் காரணமும் எழுதுங்கள். நுண்தமனி விரிகிறது, சிரை அதே அளவு விரிவதில்லை. தந்துகியில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. உடலில் நீர் தேங்கியதால் வந்ததல்ல என்பதால் நீர்மாத்திரை பெரிதாக உதவாது. அளவைக் குறைக்கலாம், அல்லது ஏசிஇ தடுப்பான் (இன்னொரு வகை ரத்த அழுத்த மருந்து) சேர்க்கலாம். வெரபமிலின் அடையாளம் மலச்சிக்கல். வயதானவர் கேள்வியில் அதை மறக்கவேண்டாம்.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் எடுப்பவரா? அதன் உச்ச அளவு அம்லோடிபினோடு 20 மி.கி., வெரபமில் அல்லது டில்டியாசெமோடு 10 மி.கி.; அதற்கு மேல் போனால் தசைச் சிதைவு ஆபத்து. வெரபமில், டிகாக்சின் என்ற இதய மருந்தின் ரத்த அளவையும் ஏற்றிவிடும்.

கடைசியாக ஒன்று. வலி விடியற்காலையில், ஓய்வில், ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதியின் உயர்வோடு வந்து தானாக மறைகிறது என்றிருந்தால், அது நிலையான ஆஞ்சைனாவே இல்லை, தமனி இறுக்கத்தால் வருவது. அங்கே கால்சியம் சேனல் பிளாக்கர்தான் முதல் மருந்து. பீட்டா பிளாக்கரான புரோப்ரனலால் கொடுத்தால் இறுக்கம் கூடலாம்.