மூடித் திறந்தாலும் அதே வெப்வியூ: பைசைடு6-இல் செய்து பார்த்தது

பைசைடு6-இல் (க்யூட்டி என்ற விண்டோ நூலகத்தின் பைத்தான் வடிவம்) எழுதிய சின்ன மார்க்டவுன் எடிட்டர். பட்டனைத் தட்டினால் தனி டயலாக்கில் ப்ரிவியூ வரும். அதற்குள் இருப்பது ஒரு க்யூவெப்எஞ்சின்வியூ, அதாவது வெப் பக்கத்தைக் காட்டும் விட்ஜெட். தட்டும்போதெல்லாம் டயலாக்கைப் புதிதாகக் கட்டுவதுதான் முதல் வடிவம். ஓடத்தான் செய்தது. ஆனால் திறந்ததும் கொஞ்ச நேரம் வெள்ளையாக நிற்கும், மெமரியும் ஏறிக்கொண்டே போகும்.

க்யூட்டியில் குளோஸ் என்றால் வழக்கமாக மறைப்பதுதான், அழிப்பதில்லை. டயலாக்குக்கு மெயின் விண்டோவைப் பேரன்ட்டாகக் கொடுத்திருந்தால், பைத்தான் வேரியபிளில் புது டயலாக்கை வைத்தாலும் பழையது பேரன்ட்டின் பிள்ளைகளில் ஒன்றாக உயிரோடுதான் இருக்கும். ஃபைண்ட்சில்ட்ரன் போட்டு டயலாக்குகளை எண்ணினால், ஒவ்வொரு தட்டலுக்கும் ஒன்று கூடுவது தெரியும்.

மூடும்போதே அழிக்கச் சொல்லும் டெலீட்ஆன்குளோஸ் ஆட்ரிபியூட்டைப் போட்டால் மெமரி இறங்கும், வேறு தலைவலி வரும். விண்டோ போகும்போது உள்ளே இருக்கிற வியூவும் சேர்ந்து போய்விடும். பைத்தான் பக்கம் மிஞ்சுவது வெறும் கூடு. அதைத் தொட்டால் 'ஆப்ஜெக்ட் ஆல்ரெடி டிலீட்டட்' என்று ரன்டைம்எரர். சந்தேகம் இருக்கும் இடங்களில் ஷிபோகென்6-இன் (பைசைடுக்கு அடியில் இருக்கும் இணைப்பு நூலகம்) இஸ்வேலிட் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது இருப்பது இதுதான்: வேரியபிள் நன் (None, இன்னும் காலி) ஆக இருந்தால் மட்டும் டயலாக்கைக் கட்டு, இல்லையென்றால் இருப்பதையே ஷோ, ரெய்ஸ், ஆக்டிவேட்விண்டோ. மினிமைஸ் ஆகி இருந்தால் ஷோ மட்டும் போதாது, விண்டோஸ்டேட்டிலிருந்து மினிமைஸ்டு கொடியையும் எடுக்க வேண்டும். சிக்னல் கனெக்ட் (கிளிக் போன்ற நிகழ்வை, அதற்கு ஓட வேண்டிய ஸ்லாட் ஃபங்ஷனோடு இணைப்பது) எல்லாம் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்கட்டும். திறக்கும் ஃபங்ஷனில் விட்டால், மூன்றாம் தடவை திறந்த பிறகு ஒரு கிளிக்குக்கு ஸ்லாட் மூன்று தடவை ஓடும்.

திறக்கும்போது செய்ய வேண்டிய ரீசெட் வேலைகளை ஷோஈவென்ட்டில் வைக்கலாம். ஆனால் மினிமைஸிலிருந்து மீண்டு வரும்போதும் அந்த ஈவென்ட் வரும். ஈவென்ட் வெளியே விண்டோ சிஸ்டத்திலிருந்து வந்ததா என்று ஸ்பான்டேனியஸிடம் கேட்டு, ட்ரூ என்றால் ரீசெட்டைத் தாண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் டாஸ்க்பாரிலிருந்து எடுக்கும்போதெல்லாம் தேடல் பெட்டி காலியாகும்.

அதிக வேலை வாங்கியது வியூவுக்குள் இருக்கும் பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் செட்ஹெச்டிஎம்எல் கொடுத்தால் வியூவை மறுபயன்பாடு செய்தும் பாதிப் பலன் போச்சு: பக்கம் முழுதும் மறுபடி ஏறும், ஸ்க்ரோல் மேலே ஓடிவிடும். போதாக்குறைக்கு 2 எம்பி வரம்பு வேறு. கொடுத்த ஹெச்டிஎம்எல்லைப் பெர்சென்ட் என்கோடிங் செய்து டேட்டா யூஆர்எல்லாக மாற்றித்தான் அது ஏற்றுகிறது. தமிழ் எழுத்துக்கு இது ரொம்பக் கடுமை. ஒரு யூனிகோட் குறியீடு யூடிஎஃப்-8-இல் 3 பைட், என்கோட் ஆனால் 9 எழுத்து. 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு, ஆக 18. தோராயமாக 2.3 லட்சம் குறியீடுகளில் வரம்பு முட்டிவிடும். ஒரு நாவலின் வரைவுக்குப் போதாது. அதனால் காலி ஷெல் பக்கத்தை ஒரே ஒரு தடவை ஏற்றி, லோட்ஃபினிஷ்டு வந்த பிறகு ரன்ஜாவாஸ்க்ரிப்ட் மூலம் உள்ளடக்க டிவ்வை மட்டும் மாற்றுகிறேன். உரையை ஜேசன் டம்ப்ஸ் வழியாக அனுப்புவது முக்கியம். கையால் மேற்கோள் குறி போட்டு ஒட்டினால் முதல் அப்பாஸ்ட்ரஃபியிலேயே ஸ்க்ரிப்ட் உடையும்.

மறைந்திருக்கும் பக்கம் சும்மா சிபியூவைத் தின்ன வேண்டாம் என்றால் பேஜின் லைஃப்சைக்கிள்ஸ்டேட்டை ஃப்ரோசன் ஆக்கலாம் (க்யூட்டி 5.14-இலிருந்து உண்டு). வியூ கண்ணுக்குத் தெரியும்போது இது எடுபடாது, ஹைட் ஆன பிறகே வைக்க வேண்டும். மறுபடி தெரிந்ததும் தானாக ஆக்டிவ் ஆகிவிடும். டிஸ்கார்டட் இன்னும் மெமரி மிச்சம் பிடிக்கும், ஆனால் திரும்பும்போது பக்கம் ரீலோட் ஆகும். இங்கே அது ஆகாது, டிவ்வில் போட்டதெல்லாம் போய் வெறும் ஷெல்தான் வரும்.

அதே வியூவைச் சில நேரம் மெயின் விண்டோவுக்குள்ளும் சில நேரம் தனி விண்டோவிலும் காட்ட வேண்டுமா? அப்போதுதான் பேரன்ட் மாற்றும் வேலை. லேஅவுட்டின் ரிமூவ்விட்ஜெட் போதாது, பேரன்ட் அப்படியேதான் இருக்கும். விண்டோ அழிவதற்கு முன் செட்பேரன்ட்டுக்கு நன் கொடுத்து வெளியே எடுத்து, பைத்தானில் ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்து வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர் கொண்டு போய்விடும். பேரன்ட் மாறியதும் விட்ஜெட் மறைந்துவிடும் என்பதால், புது லேஅவுட்டில் சேர்த்த பின் ஷோ கூப்பிடுவது பாதுகாப்பு. ஷேர்ஓபன்ஜிஎல்கான்டெக்ஸ்ட்ஸ் ஆட்ரிபியூட் போடாத ஆப்பில், க்யூஓபன்ஜிஎல்விட்ஜெட்டை (கிராஃபிக்ஸ் வரையும் விட்ஜெட்) வேறு விண்டோவுக்கு நகர்த்தினால் கான்டெக்ஸ்ட்டே புதிதாகும், இனிஷியலைஸ்ஜிஎல் மறுபடி ஓடும். டெக்ஸ்சர், பஃபர் எல்லாம் அங்கேயே உருவாகும்படி எழுதியிருந்தால் தப்பிக்கலாம்.

மிச்சம் வெளியேறும் நேரம். சொந்தமாக வெப்எஞ்சின்ப்ரொஃபைல் (குக்கி, கேஷ் போன்றவற்றை வைத்திருப்பது) வைத்திருந்தால் பேஜ் முதலில், ப்ரொஃபைல் பிறகு என்ற வரிசையில் அழிய வேண்டும். மாறினால் 'எக்ஸ்பெக்ட் ட்ரபிள்ஸ்' என்று டெர்மினலில் எச்சரிக்கை விழும். ப்ரிவியூவுக்குப் பேரன்ட் கொடுக்காவிட்டால், மெயின் விண்டோவை மூடிய பிறகும் அது திறந்திருக்கும்வரை ஆப் முடியாது. அதன் க்விட்ஆன்குளோஸ் ஆட்ரிபியூட்டை ஃபால்ஸ் ஆக்கினால் முடியும்.