உருண்டை

மும்பை மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகைப் பந்தைப் பார்த்ததும் இரண்டு கட்டைவிரலும் தானாக அசைந்தன.

"எத்தனை முழம் தம்பி?" அக்கா இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சுதாரித்தேன்.

எல்லாம் கட்டமாரி டமாசி செய்த வேலை. 2004-ல் நம்கோ வெளியிட்ட ஜப்பானிய வீடியோ கேம்; இரண்டு கட்டைவிரலாலும் ஆடுவது. ராஜா வானத்து நட்சத்திரங்களை நாசமாக்கிவிடுவார். ஐந்து சென்டிமீட்டர் இளவரசன்தான் ஒட்டும் உருண்டையை உருட்டி உருட்டி ஈடுகட்ட வேண்டும். (எந்த வீட்டில்தான் இல்லை இது!) முதலில் எறும்பு, ரப்பர். அப்புறம் பூனை, மாடு, கட்டிடம். உருண்டையைவிட ரொம்பப் பெரியதில் மோதினால், ஏற்கெனவே ஒட்டியிருப்பதும் உதிரும்.

நேற்று படுக்கும்போது மணி இரண்டரை.

இப்போது கண்ணில் படுவதெல்லாம் அளவுதான். எலுமிச்சை ஒட்டும். தேங்காய்க்கு இன்னும் கொஞ்சம் வளரணும். அக்கா உட்கார்ந்திருக்கும் ஸ்டூல்...

"ரெண்டு முழம்கா."