நான்காம் வேற்றுமை

2016 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில் அவர் கடைக்குள் வந்தபோது நான் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஓட்டுபவர். கன்னட அமைப்பு ஒன்றில் எங்கள் வட்டாரத்துப் பொறுப்பாளர். வருடா வருடம் நவம்பர் 1ஆம் தேதி மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கு பேனர் அடிக்க எங்களிடம்தான் வருவார். "தம்மா, அர்ஜென்ட்" என்று சொல்லி, கிழித்த நோட்டுத் தாளை மேசையில் வைத்தார். இரண்டு நாள் முன்புதான் உச்ச நீதிமன்றம் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாளுக்குத் தமிழ்நாட்டுக்குக் காவிரித் தண்ணீர் விடச் சொல்லியிருந்தது. 9ஆம் தேதி கர்நாடக பந்த். ஆறுக்கு நாலு அளவில் மூன்று பேனர் வேண்டும்.

கன்னடம் அடிக்கும் 'நுடி' மென்பொருளில் அடித்தேன். மேல் வரி, 'காவேரி நம்மது.' கீழ் வரி, 'தமிளரிகெ திக்கார.' தமிழர்களுக்குக் கண்டனம் என்று சொல்லலாம். தமிழர் ஒழிக என்றும் சொல்லலாம், கோஷம் போடும் குரலைப் பொறுத்தது.

பெங்களூர் சுல்தான்பேட்டை அச்சகங்களில் எனக்கு அப்போது 28 வருட அனுபவம். பதினாறு வயதில் அச்சுக் கோர்க்கச் சேர்ந்தவன். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோர்க்கும் காலத்திலேயே கன்னடம் கற்றுக்கொண்டேன், பேச்சைவிட எழுத்தில் நன்றாகவே. தலித் சங்கம், தொழிற்சங்கம், தமிழ்ச் சங்கம், கன்னட அமைப்பு, விவசாய சங்கம் என்று எல்லாருடைய கோபமும் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. வாசகத்தின் பொருளைப் பார்க்காமல் எழுத்துப் பிழையை மட்டும் பார்ப்பது இந்தத் தொழிலில் பழகிப்போகும். அன்றைக்கு ஏனோ அந்த 'கெ'யில் கண் நின்றுவிட்டது. தமிழில் 'கு', கன்னடத்தில் 'கெ'. யாருக்கு என்று சொல்லும் உருபு.

ப்ரூஃபை அவரிடம் நீட்டி, "அண்ணா, இது யாரிகெ? சர்க்காரக்கா, நனகா?" என்று கேட்டேன். அரசுக்கா, எனக்கா. கேட்டுவிட்டேனே தவிர, வயிற்றில் பயம்தான். நான் தமிழன் என்பது அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் வேறு வாரம். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் காதில் இருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். 'தமிளரிகெ' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தமிளுநாடு சர்க்காரக்கெ' என்று எழுதினார். "ஹாகே ஹாகு" என்றார், அப்படியே போடு என்று. அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை.

மத்தியானம் வேறு நான்கு பையன்கள் வந்தார்கள். அதே வாசகம். நான் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருவன் முகம் இறுகி, "கொங்கனா நீனு?" என்றான். தமிழர்களைக் குறிக்கும் வசைச்சொல் அது. முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்து, "அடிச்சுக் குடு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். என் கையால்தான் அடித்தேன், கயிறு கோக்கும் வளையமான ஐலெட்டும் நான்தான் குத்தினேன்.

முதலாளி மண்டியாக்காரர். தம்பிகள் இன்னும் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள், காவிரியிலிருந்து வரும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனம். அந்த வருடம் கண்ணம்பாடி அணையில் தண்ணீர் இல்லை. கரும்பு காய்ந்ததை அவர் சொல்லும்போது குரல் உடையும். 1892, 1924 ஒப்பந்தங்கள் சென்னை மாகாணத்தின் கை ஓங்கியிருந்த காலத்தில், மைசூரின் மேல் சுமத்தப்பட்டவை என்று அங்கே ஒவ்வொரு விவசாயியும் நம்புகிறான். தஞ்சையில் இருப்பவனுக்கு வேறு நியாயம் இருக்கிறது, அதுவும் உண்மைதான். ஆனால் "எங்கள் தண்ணீரை விடாதே" என்று ஒரு மண்டியா விவசாயி ரோட்டில் உட்கார்ந்தால் அதை இனவெறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் குடிப்பதே அந்தத் தண்ணீர்தான். நூறு கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் காவிரி. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டிஎம்சியில் 4.75 இந்த நகரத்தின் குடிநீர் முதலான தேவைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஶ்ரீராம்புரத்துத் தமிழ் வீடுகளின் குழாய்க்கும் அதில் பங்கு உண்டு.

இனி 12ஆம் தேதி. அன்று காலை சென்னையில் கன்னடர் நடத்தும் ஓட்டல் ஒன்றைத் தாக்கியதும், ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநரை அறைந்ததும் செல்போனில் பரவின. அதற்கு முன்பே பெங்களூரில் முகநூல் பதிவுக்காக ஒரு தமிழ்ப் பையனை அடித்த வீடியோ இரண்டு மாநிலத்திலும் சுற்றியிருந்தது. சாயங்காலத்துக்குள் மைசூர் ரோடு பக்கம் ஒரே டிப்போவில் நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் எரிந்தன. பதினாறு போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். கடையில் முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடி ஷோகேஸைத் திறந்து, தமிழ்க் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து டிராயரில் அடுக்கினார். மஞ்சள் தடவிய அந்த அட்டைகளை அவர் கை அடுக்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றும் மறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆனாலும் என் மொழி டிராயருக்குள் போனது போனதுதான்.

அந்த வாரம் சென்னையில் இருக்கும் மாமா பையன் போன் செய்து, "கன்னடன் எல்லாமே இனவெறி பிடிச்சவன்தான், இன்னும் ஏன்டா அங்க இருக்க?" என்றான். அக்கறையில் சொன்னான். எனக்குப் பேனர்தான் ஞாபகம் வந்தது. 'தமிளரிகெ' என்று எழுதியவன் ஒரு மக்கள் கூட்டத்தையே குறி வைத்தான். 'கன்னடன் எல்லாமே' என்பவனும் அதையேதான் செய்கிறான். குற்றம் சாட்டும் வாக்கியமே சாட்டப்படும் குற்றத்தைச் செய்துவிடுகிறது. அவனிடம் இதைச் சொன்னபோது, நான் பயந்துபோய்ப் பேசுகிறேன் என்றான்.

பயம் எனக்குத் தெரியும். 1991 டிசம்பரில் எனக்குப் பத்தொன்பது வயது. காவிரி நடுவர் மன்றம் ஜூன் மாதம் 205 டிஎம்சி என்று இடைக்காலத் தீர்ப்பு சொல்ல, கர்நாடக அரசு அதை மறுத்து அவசரச் சட்டமே கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் தீர்ப்பு மத்திய அரசிதழில் வந்ததும் கலவரம் வெடித்தது. அப்பா பின்னி மில் தொழிலாளி. அந்த மில்லையும் அந்த வீட்டையும் தவிர அவருக்கு வேறு ஊர் கிடையாது. அம்மாவும் தங்கையும் நானும் ஒரு லாரியில் நின்றபடி ஓசூர் போனோம். வழியில் யாரும் காவிரியைப் பற்றி எங்களிடம் கேட்கவில்லை. பேசு, உன் பேச்சைக் கேட்கிறேன் என்றார்கள். பேச்சை வைத்து ஆளைப் பிரித்தார்கள். தண்ணீரில் எங்களுக்கு என்ன பங்கு, எங்கள் வாக்கு எந்த மாநிலத்தில் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. அது இனவெறி. கன்னடரும் தமிழரும் ஒரே திராவிடக் குடும்பம், பிறகு எப்படி இனவெறி ஆகும் என்று வாதம் செய்பவர்களைக் கேட்டிருக்கிறேன். 1965ஆம் வருட ஐ.நா. உடன்படிக்கை நிறத்தோடு நிறுத்தவில்லை, வம்சாவளி, தேசிய, இனக்குழுப் பூர்வீகம் வரைக்கும் சேர்த்துத்தான் இனப்பாகுபாடு என்கிறது. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவிலும் மதம், இனத்தோடு பிறப்பிடம், வசிப்பிடம், மொழி எல்லாம் வரிசையாக நின்றன. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நாக்கையும் ஊரையும் வைத்து மனிதனை வேட்டையாட முடியும் என்று.

ஆனால் அதே வாயால் நான் 1982ஐயும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் கன்னடத்துக்கு முதல் மொழி இடம் வேண்டும் என்று கோகாக் கமிட்டி சொன்னதை நிறைவேற்றக் கேட்டு நடந்த போராட்டம் அது. ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமே திரண்டது. எங்கள் தெருவில் அதையும் 'தமிழனை விரட்டும் போராட்டம்' என்றுதான் பேசினார்கள். எனக்கு அப்போது பத்து வயது, நானும் நம்பினேன். பிறகு தொழிலுக்கு வந்து, பழைய துண்டுப் பிரசுரங்களின் கட்டை முதலாளி பத்திரப்படுத்தி வைத்திருந்ததைப் படித்தேன். சொந்த மண்ணில் சொந்த மொழி இரண்டாவதாக நிற்கிறதே என்ற ஆதங்கம் ஒவ்வொரு தாளிலும் இருந்தது. 1938இலும் 1965இலும் இந்தித் திணிப்பை எதிர்த்தபோது நாம் பட்டதும் அந்த ஆதங்கம்தானே? நம்முடைய போராட்டத்தை மொழி உரிமை என்கிறோம், அவர்களுடையதை வெறி என்கிறோம். இதில் நேர்மை இல்லை.

2023 டிசம்பர் 27இல் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள் ஆங்கிலப் பலகைகளை உடைத்தார்கள். உடைத்தது தவறு, அதற்கு வழக்கும் வந்தது. ஆனால் கோரிக்கை? அடுத்த இரண்டு மாதம் எனக்கு ராத்திரி பகல் இல்லாத வேலை. 10க்கு 4 பலகை என்றால் 40 சதுர அடி, அதில் 24 கன்னடத்துக்கு. டேப் வைத்து அளந்து அளந்து கொடுத்தேன். வைட்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு கடைக்காரர், அவரும் நம்மவர்தான், "இதெல்லாம் இனவெறி சார்" என்று பொருமினார். கன்னட எழுத்தைப் பின்னணி நிறத்திலேயே போட்டு, அளவு இருக்கும்படியும் கண்ணுக்குத் தெரியாதபடியும் செய்ய முடியுமா என்று கேட்டார். தமிழ்நாட்டில் தமிழ் ஐந்து, ஆங்கிலம் மூன்று, பிற மொழி இரண்டு என்று விதி இருப்பதைச் சொன்னேன். தெரியாது என்றார். இருபது வருடம் வியாபாரம் செய்த ஊரின் எழுத்தைப் பலகையில் போடச் சொல்வது யாரையும் ஊரைவிட்டு விரட்டுவதாகாது. எழுத்தைப் பளிச்சென்று போட்டால்தான் செய்வேன் என்றேன். போட்டுக்கொண்டார்.

ஒரு போராட்டத்தை எதை வைத்து எடை போடுவது என்று என்னைக் கேட்டால், கோரிக்கையைப் பார்ப்பதோடு நான் நிறுத்தமாட்டேன். தன் கூட்டத்தில் ஒருவன் தனி மனிதன் மேல் கை ஓங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் மேடையில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பேன். 2016இல் "எரித்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை" என்று பல தலைவர்கள் மறுநாள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 'தமிளரிகெ' என்று பேனர் பிடித்தவர்களை 9ஆம் தேதியே இறக்கச் சொல்லியிருக்கலாம். அந்த ஆட்டோ அண்ணா ஒரு பேனாவால் செய்ததைத்தான் சொல்கிறேன், அதற்குப் பெரிய தலைமை தேவைப்படவில்லை. அவரையும் அந்த நான்கு பையன்களையும் ஒரே சொல்லால் சுட்டுபவர்கள், உண்மையில் அந்தப் பையன்களைத் தப்பவிடுகிறார்கள். எல்லாரும் குற்றவாளி என்றால் யாரையும் பிடித்துக் கேட்க முடியாது.

நம் பக்கமும் இது வளர்கிறது. ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போனால், தெருவில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களை 'வடக்கன்' என்று குழந்தைகள்கூடச் சொல்கின்றன. 2023 மார்ச்சில் அவர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அது பொய் என்று நாம் கோபப்பட்டது சரி. ஆனால் அந்தப் பையன்கள் அதை ஏன் நம்பி ரயில் ஏறினார்கள் என்பதை நான் லாரியில் நின்றவனாகத்தான் யோசிக்கிறேன்.

அந்தப் பேனர் ஒன்றை மறுபடி பார்த்தேன். 2016 அக்டோபர் கடைசி, மழை. மார்க்கெட் பக்கம் கீரை விற்கும் ஆயா ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், தள்ளுவண்டிக்கு மேல் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். பந்த் முடிந்ததும் கழற்றிப் போட்டதை யாரோ கொடுத்திருப்பார்கள். நான் குத்திய ஐலெட்டில்தான் கயிறு கோத்திருந்தது. தலைகீழாகக் கட்டியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரிந்தது. அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அதன் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடையிலிருந்து எழுத்தில்லாத ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எதுக்குப்பா, இதுவே ஒழுகாமத்தான இருக்கு" என்றார்.

நானே ஏறிக் கழற்றிவிட்டு, புதியதைக் கட்டிக் கொடுத்தேன்.