ஹோட்டலுக்குள் ஒரு சொந்த வீடு

கிருஷ்ணகிரியில் லாட்ஜுக்கு மேல் மாடியில் ஓனர் குடும்பம் குடியிருப்பது நமக்குப் புதிதில்லை. அதையே இப்போது பெரிய ஹோட்டல்களின் பேரில், ஹோட்டலோடு சேர்ந்த சொந்த வீடு என்று கோடிகளில் விற்கிறார்கள். பெங்களூரு பெல்லாரி ரோட்டில் 2019-இல் திறந்த ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலோடு வீடுகளும் உண்டு. துபாய் புர்ஜ் கலீஃபாவில் 2010-இல் வந்த அர்மானி ஹோட்டலுக்கு 160 அறைகள். தனியாக 144 வீடுகள். பத்திரம் உங்கள் பேரில் இருக்கும். துணி வெளுக்க, சாப்பாடு கொண்டுவர ஹோட்டல் ஆள் வருவார். சரி, பில்லும் பின்னாலேயே வரும். மாதப் பராமரிப்புக் கட்டணம் வேறு.

அத்தையிடம் விளக்கினேன். "மொட்டை மாடியில மாங்கா வத்தல் காயப்போட வுடுவாங்களாடா?"

"மாட்டாங்க அத்தை."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ காசு?" என்று சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.