மாறாது என்று சொன்னது

"சத்தம் மாறுமா தம்பி?" என்று அங்கிள் கேட்டார். "மாறாது அங்கிள்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்த வேகம்தான் இன்னும் உறுத்துகிறது.

அவர் எண்பதுகளில் வாங்கிய பேஸ் கிட்டார். பாடி வெள்ளை ஆஷ் மரம், கிட்டாரை முழுசாகத் தராசில் வைத்தால் நாலேமுக்கால் கிலோ. கல்யாணம், கோயில் திருவிழா, சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சி என்று தோளில் மாட்டி மாட்டியே முதுகில் வட்டு விலகிவிட்டது. பேஸை விடு என்று டாக்டர் சொன்னால் இவர் டாக்டரை விட்டுவிடுவார். அதனால் பாடியை மட்டும் லேசான மரத்துக்கு மாற்றலாம் என்று நான் வேலை செய்யும் கிட்டார் கடைக்கு வந்தார். முதலில் ஸ்வாம்ப் ஆஷ் தேடினோம். மிசிசிப்பிப் பக்கத்து வெள்ளக்காடுகளில் வளரும் அதே ஆஷ் குடும்பம்தான், எடை குறைவு. ஆனால் வெள்ளமும் மரம் துளைக்கும் பச்சை வண்டும் சேர்ந்து அது கிடைப்பதே குறைந்துவிட்டது. 2020-இல் பெரிய கிட்டார் கம்பெனியான ஃபெண்டரே சில மாடல்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். கடைசியில் பவ்லோனியா மரம் என்று முடிவானது. கன மீட்டருக்கு வெள்ளை ஆஷ் 670 கிலோ வாக்கில் என்றால் இது 280 வாக்கில்தான். பழைய நெக், கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றி இதில் பூட்டினால் மூன்று கிலோ சொச்சம்.

"மாறாது" என்று நான் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காந்த பிக்கப்புக்குக் கம்பி அசைவது மட்டும்தான் தெரியும். வீணைக்குப் பலா வேண்டும் என்பது வேறு கதை, அங்கே குடமே ஒலிக்கிறது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நானே வாசித்து, ஆம்ப் இல்லாமல் நேராகக் கணினியில் பதிவு செய்து வைத்திருந்தேன். போட்டுக் காட்டியபோது கடையில் ஒருவராலும் எது எது என்று பிரிக்க முடியவில்லை. கடை முதலாளி தவுக்கே துணிந்து ஒன்றைச் சொன்னார், அதுவும் தப்பு.

அங்கிள் ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நாலு ஸ்வரம் வாசிப்பதற்குள் "மாறிடுச்சு" என்றார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அவர் கையைக் கவனித்தேன். பாடி லேசானதும் தலைப்பக்கம் கனத்துவிட்டது. கையை எடுத்தால் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சரிகிறது. இடது கையால் நெக்கைத் தாங்கிக்கொண்டே, அதன் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் பிடிக்கிறார். சரியாமல் இருக்க வலது முழங்கையால் பாடியை அழுத்துகிறார். அதில் சுண்டுகிற விரல் பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரற்கடை நகர்ந்துவிட்டது. அங்கே சுண்டினால் எந்த மரமாக இருந்தாலும் சத்தம் மெலிந்து கூர்மையாகத்தான் வரும். சரி, சத்தத்தை மாற்றியது கைதான், மரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரிவதைச் சமாளிக்க, ஹெட்ஸ்டாக்கில் கம்பியை முறுக்கும் ட்யூனர்களை லேசானதாக மாற்றிப் போட்டேன். நாலும் சேர்ந்து 150 கிராம் போல இறங்கியது, நெக் நின்றது. ஆனால் இன்னொன்று கிளம்பியது. ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி கம்பியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் சீக்கிரம் செத்துவிடும். நெக் தானாக அதிரும் வேகமும் அந்த ஸ்வரத்தின் வேகமும் ஒத்துப்போகிற இடத்தில், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. அங்கிளின் பேஸில் அது ஆறாவதில் இருந்தது. முனையில் எடை குறைந்தால் நெக் வேகமாக அதிரும், அதனால் ஏழாவதுக்கு ஏறிவிட்டது.

அதையும் அவர்தான் கண்டுபிடித்தார். "இத்தனை வருஷமா ஆறுல கொஞ்சம் அழுத்தி அடிச்சே பழகிட்டேன். இப்ப ஏழுல சாகுது. மாறாதுன்னு சொன்னீங்களே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அது மரம் இல்ல அங்கிள், எடை" என்று வாய்வரை வந்தது. மரத்தை மாற்றியதே எடைக்காகத்தானே, அதை எப்படிச் சொல்வது?

நான் சொன்னது கேட்பவர்களுக்குச் சரி, பதிவே அத்தாட்சி. அவர் கேட்டது வாசிப்பவரின் கேள்வி. பேஸ்காரருக்குப் பாடி விலா எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அது காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும். அங்கே ஆஷும் பவ்லோனியாவும் ஒன்றில்லை, நானே மாட்டிப் பார்த்தேன். அப்படியும், "மாறும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலேமுக்கால் கிலோவையே தூக்கிக்கொண்டு போயிருப்பார், அடுத்த தீபாவளிக்கு மேடை ஏறியிருப்பாரோ என்னவோ. இப்போது ஏறுகிறார். பழைய பாடியையும் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்பது வேறு விஷயம். "எதுக்கும் 'கொஞ்சம்'னு ஒண்ணு சேர்த்துச் சொல்லு, வியாபாரத்துக்கு அது போதும்" என்கிறார் தவுக்கே. அவருக்கு எல்லாம் சுலபம்.

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் முதலில் ஸ்ட்ராப்பை மாட்டி அரைமணி நேரம் நின்று வாசிக்கச் சொல்கிறேன். கடை அடைசலாகிறது என்று தவுக்கே முணுமுணுக்கிறார். போன வாரம் பாலிடெக்னிக் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான். பிக்கப், முழங்கை, ஏழாவது ஃப்ரெட் என்று நான் ஆரம்பித்ததும், "அண்ணே, மாறுமா மாறாதா, ஒண்ணு சொல்லுங்க" என்றான். இரண்டும் என்றேன். அவன் சிவப்புக் கலர் எதுவோ அதை வாங்கிக்கொண்டு போனான்.